முடிவை முன்னாடியே சொல்லிவிடும் நாவலை 14 வயதுப் பெண்ணிடம் கொடுக்கலாமா?

ஜன்னலோரம்:

எல்லோருக்கும் வணக்கம். இந்த இரண்டு மாதத்தில் அடுத்தடுத்து இரண்டு நாவல் படித்தேன், மார்கஸ் ஸூசாக் எழுதிய 'தி புக் தீஃப்', கிளேர் கீகன் எழுதிய 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்'. முதலாவதை என் மகளுக்காக வாங்கினேன். அவளுக்கு 14 வயது, ஒன்பதாவது படிக்கிறாள். கடையில் இளையோர் நாவல் தட்டில் இருந்தது, எடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன்னால் நாமும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம் என்று ஆரம்பித்து நாலே ராத்திரியில் முடித்தேன். முடித்து மூன்று வாரம் ஆகிறது, புத்தகம் இன்னும் பீரோ மேலேதான் இருக்கிறது, அவளிடம் கொடுக்கக் கை வரவில்லை.

(இனி கதையின் முடிவெல்லாம் வரும். படிக்கப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஹிட்லர் காலத்து ஜெர்மனி, கதை 1939 ஜனவரியில் தொடங்குகிறது. லீசல் என்ற சின்னப் பெண். வளர்ப்புப் பெற்றோர் வீட்டுக்கு ரயிலில் போகும்போதே தம்பி இறந்துவிடுகிறான். அவனைப் புதைக்கிற இடத்தில் பனியில் விழுந்து கிடந்த ஒரு புத்தகத்தை எடுத்துவைத்துக்கொள்கிறாள், பார்த்தால் அது குழி வெட்டுகிறவர்களுக்கான கையேடு. அவளுக்குப் படிக்கவே தெரியாது. வளர்ப்பு அப்பா ஹான்ஸ் பெயின்ட் அடிக்கிறவர். ராத்திரி கெட்ட கனவு கண்டு அவள் அலறும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தக் கையேட்டை வைத்தே எழுத்து சொல்லிக்கொடுக்கிறார், அப்புறம் நிலவறைச் சுவரில் பெயின்டால் சொற்களை எழுதிப் பழக்குகிறார். என் அப்பா எனக்கு பஸ் போர்டுகளைக் காட்டித்தான் எழுத்து சொல்லிக்கொடுத்தார். அதனாலோ என்னவோ அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போக மனசு வராமல் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கதையைச் சொல்வது மரணம். உயிரை எடுக்கிற சாவே உட்கார்ந்து நம்மிடம் பேசுகிறது. பக்கத்து வீட்டுப் பையன் ரூடி, லீசலிடம் ஒரு முத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறவன், அவன் சாகப் போகிறான் என்று பாதிப் புத்தகத்திலேயே அது சொல்லிவிடுகிறது. கடைசியில் குண்டு விழுந்து தெருவே போய்விடுகிறது, லீசல் மட்டும் நிலவறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்ததால் பிழைக்கிறாள். ரூடி கேட்ட முத்தம் அப்போதுதான் கிடைக்கிறது, அவன் இறந்து கிடக்கும்போது.

இன்னொரு நாவலை எனக்காக வாங்கினேன், அது பெரியவர்கள் தட்டில் இருந்தது. 1985 கிறிஸ்துமஸ் சமயம், அயர்லாந்தில் நியூ ராஸ் என்ற ஊர். பில் ஃபர்லாங் கரி வியாபாரி, ஐந்து பெண் குழந்தைகளுக்கு அப்பா. கன்னியர் மடத்துக்குக் கரி இறக்கப் போகிறவர், அங்கே கரிக் கொட்டகையில் ஒரு பெண்ணைப் பூட்டி வைத்திருப்பதைப் பார்த்துவிடுகிறார். கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களையும் இன்னும் பலரையும் அடைத்துவைத்துச் சலவை வேலை வாங்கிய மடங்கள் அயர்லாந்தில் உண்மையிலேயே இருந்தன, கடைசியாக இருந்ததை 1996இல்தான் மூடினார்கள். இதில் நம் கண் முன்னால் யாரும் சாகவில்லை, ரத்தம் இல்லை, கெட்ட வார்த்தைகூட அநேகமாக இல்லை. இது பெரியவர்கள் தட்டில் இருக்கிறது. ஒரு தெருவே சாகிற கதை பிள்ளைகள் தட்டில் இருக்கிறது. எனக்கு இது புரியவில்லை.

கேட்க விரும்புவது இரண்டு. ஒருவன் சாகப் போகிறான் என்று பாதியிலேயே சொல்லிவிடுவது உங்களுக்கு எப்படி இருந்தது? எனக்கு அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டியிருந்தது. அடுத்தது, இதை 14 வயதில் கொடுக்கலாமா? போன வருஷம்தான் எங்கள் வீட்டில் அவளுடைய தாத்தா போனார், அதனால்தான் கேட்கிறேன்.

விடியவிடிய:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், பிள்ளை வளர்ப்பு பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

எங்கள் ஊர் திருவண்ணாமலைப் பக்கம். சின்ன வயதில் கர்ண மோட்சம் கூத்துக்குப் போவோம். கர்ணன் சாவான் என்று தெரியாத ஒரு ஆள்கூட அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார். ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் பாயை விரித்து ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்கள், மனைவி பொன்னுருவி அவனைப் போருக்குப் போகவிடாமல் மறிக்கிற கட்டம் வரும்போது பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைப்பார்கள். போகாதே என்று அவள் சொல்வது எங்களை அப்படி வதைத்ததற்குக் காரணமே, அவன் போவான், திரும்பி வர மாட்டான் என்று எங்களுக்கு முன்னமே தெரிந்திருந்ததுதான். சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பதிகத்திலேயே கோவலன் கொலைப்படுவதும் கண்ணகி மதுரையை எரிப்பதும் வந்துவிடுகிறது. அப்புறம்தான் மங்கல வாழ்த்துப் பாடலும் கல்யாணமும். அந்தக் கல்யாணத்தை நாம் எப்படிப் படிக்கிறோம், யோசித்துப் பாருங்கள்.

ஸூசாக் செய்வதும் அதுதான் என்று எனக்குப் பட்டது. ரூடி சாவான் என்று அவர் சொல்கிற இடத்தை இன்னொரு தடவை பாருங்கள். குளிர்காலம், ஆற்றில் ஒரு புத்தகம் மிதந்துபோகிறது, லீசலுக்காக அவன் உறைகிற தண்ணீரில் குதித்து எடுத்து, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு முத்தம் கேட்கிறான். அந்தச் சமயத்தில்தான் இவனுக்கு இன்னும் இரண்டு வருஷம்கூட இல்லை என்று மரணம் சொல்கிறது. அதற்குப் பிறகு அவன் பசியில் ஆப்பிள் திருடப் போனாலும், சுட்டு விழுந்த விமானத்தில் சாகக் கிடக்கிற எதிரி விமானியின் தோளில் ஒரு கரடிப் பொம்மையை வைத்தாலும், நான் அவனைப் பார்த்தது வேறு மாதிரி. முடிவு தெரியாமல் படித்திருந்தால் அந்தப் பொம்மையை ஒரு நல்ல காட்சி என்று கடந்துபோயிருப்பேன்.

உப்புக்காற்று:

கூத்து உவமை பிடித்திருக்கிறது, ஆனால் நாவல் அந்த அளவுக்குத் தாங்கவில்லை என்பது என் கருத்து. முடிவைச் சொன்னதில் எனக்குப் பிரச்சினை கிடையாது. சொல்கிற குரலில்தான் பிரச்சினை. இரண்டு பக்கத்துக்கு ஒரு தடவை மரணம் கதையை நிறுத்தி, தடித்த எழுத்தில் நடுவில் ஒரு அறிவிப்புப் பலகை வைக்கிறது. வானத்துக்கு ஒரு நிறம், அப்புறம் அந்த நிறத்துக்கு ஒரு விளக்கம், அப்புறம் தன்னைப் பற்றி ஒரு வரி. 500 பக்கத்துக்கு மேல் இப்படியே போகிறது. ஹான்ஸ் சிறுமிக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிற மாதிரி இடங்களில் ஆசிரியர் ஒதுங்கி நிற்கிறார், அங்கெல்லாம் நாவல் மேலே எழும்புகிறது. மற்ற இடங்களில் நான் எப்போது அழ வேண்டும் என்று எனக்கு முன்னாலேயே சொல்லிவைக்கிறார், எனக்கு அது பிடிக்காது.

ஒரு இடத்தை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். நிலவறையில் ஒளிந்திருக்கிற யூத இளைஞன் மாக்ஸ், ஹிட்லர் எழுதிய புத்தகத்தின் தாள்களைக் கிழித்து, மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்துக் காயவைத்து, அதில் லீசலுக்காகப் படம் வரைந்து ஒரு கதை எழுதுகிறானே, அது பெரிய கற்பனை. வெள்ளைக்குக் கீழே பழைய எழுத்து மங்கலாகத் தெரியும். அங்கே ஆசிரியர் ஒரு விளக்கமும் சொல்லத் தேவைப்படவில்லை.

கீகன் நாவலை நான் மூன்று தடவை படித்துவிட்டேன். நூற்றுச் சொச்சம் பக்கம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். ஃபர்லாங்கின் அம்மாவே கல்யாணமாகாமல் அவரைப் பெற்ற வேலைக்காரப் பெண். வில்சன் அம்மாள் என்கிற வீட்டுக்காரி அவளைத் துரத்தாமல் வேலையில் வைத்துக்கொண்டதால் இவர் பிழைத்து வளர்ந்தார். அந்த அம்மாள் கதவைச் சாத்தியிருந்தால், கரிக் கொட்டகையில் கிடக்கிற பெண் தன் அம்மாவாகவே இருந்திருப்பாள் என்பதை ஃபர்லாங் மெதுவாக, கூட்டிக் கழித்துப் பார்க்கிற மாதிரி உணர்கிறார். அந்தப் பெண்ணின் பெயரும் சாரா, அவர் அம்மாவின் பெயரும் சாரா. இதை யாராவது நம் தோளைத் தட்டிச் சொல்கிறார்களா? சொல்லவில்லை.

எல்லோரும் ஃபர்லாங்கைப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கு அவர் மனைவி ஐலீன்தான் மனசில் நிற்கிறாள். நமக்கெதற்கு, நம் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் அல்லவா என்கிறாள். அவள் கெட்டவள் கிடையாது. ஊரில் பெண்களுக்கு இருக்கிற நல்ல பள்ளிக்கூடமும் அந்த மடத்தோடு ஒட்டியது, ஐந்து பெண்களை அங்கேதான் படிக்கவைக்க வேண்டும். சாப்பாட்டுக் கடைக்கார அம்மாவும் அதையேதான் பக்குவமாகச் சொல்கிறாள், பகைத்துக்கொள்ளாதே என்று. ஒரு ஊர் முழுக்க நல்லவர்கள் சேர்ந்து ஒரு கொடுமையைத் தாங்கிப் பிடிப்பது எப்படி என்று இதைவிடத் தெளிவாக நான் படித்ததில்லை. கடைசியில் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஊர் நடுவில் நடந்து வீட்டுக் கதவு வரைக்கும் வருகிறார், அதோடு நாவல் நின்றுவிடுகிறது. அடுத்து ஐலீன் என்ன சொன்னாள்? பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று? அதை நாம்தான் சுமக்க வேண்டும்.

உங்கள் மகளுக்கு நான் முதலில் கொடுப்பது கீகனைத்தான். தட்டை விட்டுத் தள்ளுங்கள்.

விடியவிடிய:

உப்புக்காற்று, ஐலீன் பற்றிச் சொன்னது சரி, எனக்குத் தோன்றாத விஷயம். ஆனால் 14 வயதில் என்னிடம் கீகன் நாவலைக் கொடுத்திருந்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்று பாதியில் வைத்திருப்பேன். சொல்லாமல் விட்டதைப் படிப்பதற்கு, சொல்லாமல் விட்ட விஷயங்கள் நம் வாழ்க்கையில் கொஞ்சம் சேர்ந்திருக்க வேண்டும். உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிற மரணத்தின் பேச்சு, அந்த வயதுக்கு ஒரு கைப்பிடி மாதிரி.

நெல்லிக்காய்:

ஜன்னலோரம் அக்கா, தாத்தா போனதைச் சொன்னீர்கள், அதனால் எழுதுகிறேன். இதை எங்கேயும் நான் எழுதியதில்லை.

நான் பன்னிரண்டாவது படிக்கும்போது என் அம்மாவுக்குப் புற்றுநோய். ஒன்றரை வருஷம். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் என் தலையைத் தடவி, எல்லாம் சரியாகிவிடும், நீ படிப்பைப் பார் என்றார்கள். ஒருவர்கூட, உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. பள்ளியில் டீச்சர்கள் வீட்டுப்பாடம் செய்யாவிட்டாலும் திட்டுவதை நிறுத்திவிட்டார்கள், அது எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. இது எதையும் யாரிடமும் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று தெரியவும் இல்லை.

இரண்டு மாதம் முன்னால், 31 வயதில், பாட்ரிக் நெஸ் எழுதிய 'எ மான்ஸ்டர் கால்ஸ்' படித்தேன். கானர் என்ற 13 வயதுப் பையன், அம்மாவுக்கு நோய். ராத்திரி 12:07க்கு, வீட்டுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிற யூ மரம் ஒரு பூதமாக எழுந்து அவன் ஜன்னலுக்கு வருகிறது. மூன்று கதை நான் சொல்வேன், நாலாவதை நீ சொல்ல வேண்டும், அது உன் உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளியில் கானரை யாரும் தண்டிப்பதில்லை. அந்த இடத்தில் எனக்குக் கை நடுங்கியது. எப்படித் தெரியும் இவருக்கு என்று.

அவன் சொல்ல மறுக்கிற உண்மை என்ன தெரியுமா? அம்மா சாகக்கூடாது என்று வேண்டிக்கொண்டே, இது எப்போது முடியும் என்றும் அவன் நினைத்திருக்கிறான். காத்திருக்கிற வலி தாங்காமல் முடிந்துவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறான். நானும் நினைத்தேன், அக்கா. மருத்துவமனை வராண்டாவில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நினைத்தேன். அப்படி நினைத்ததால்தான் அம்மா போனாள் என்று பதினாலு வருஷம் நம்பினேன். ஒரே நேரத்தில் இரண்டு எதிரான விஷயங்களை மனசு நினைக்கும், நினைத்ததால் ஒன்றும் ஆகாது என்று அந்தப் பூதம் அவனிடம் சொல்கிறது. யாராவது ஒரு பெரியவர் அதை எனக்கு 17 வயதில் சொல்லியிருக்கலாம்.

இந்த நாவலுக்கான யோசனை ஷிவான் டௌட் என்ற எழுத்தாளருடையது. அவர் எழுதி முடிப்பதற்குள் 2007இல் புற்றுநோயில் இறந்துவிட்டார். அந்த யோசனையை எடுத்து நெஸ் எழுதினார், 2011இல் வந்தது. ஜிம் கே வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கிற பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், மரத்தின் முள்ளும் நிழலும் பக்க ஓரம் வரைக்கும் படர்ந்திருக்கும். எழுத்துக்குத் தருகிற கார்னெகி பதக்கமும் ஓவியத்துக்கு அப்போது கிரீன்அவே என்ற பெயரில் தந்த பதக்கமும் 2012இல் இந்த ஒரே புத்தகத்துக்குக் கிடைத்தன.

சாவு வருகிற புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். சாவு ஏற்கெனவே உங்கள் வீட்டுக்கு வந்துபோய்விட்டது. அவள் அதைப் பற்றித் தனியாக யோசித்துக்கொண்டிருக்கிறாள். கொடுங்கள். கொடுத்துவிட்டு நீங்களும் கூடவே இருங்கள்.

பத்தொன்பது:

எனக்கு 19 வயது, இரண்டாம் வருஷம். இங்கே பேசுகிற எல்லோரையும்விட அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் இருப்பது நான்தான் என்பதால் சொல்கிறேன். நாங்கள் இந்தப் புத்தகங்களை எடுப்பது சாவுக்காகவோ சோகத்துக்காகவோ மட்டும் இல்லை. எங்களிடம் யாரும் நேராகப் பேசுவதில்லை, அவை பேசுகின்றன.

நான் கடைசியாகப் படித்தது ஆஞ்சி தாமஸ் எழுதிய 'தி ஹேட் யு கிவ்'. 2017இல் வந்தது, தாமதமாகத்தான் படித்தேன். ஸ்டார் 16 வயதுக் கறுப்பினப் பெண். அவள் கண் முன்னாலேயே, கூட வளர்ந்த கலீலை ஒரு போலீஸ்காரர் காரை நிறுத்திச் சுட்டுவிடுகிறார். அவன் கையில் இருந்தது தலை சீவுகிற பிரஷ். 2009இல் அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் ஆஸ்கார் கிராண்ட் என்ற இளைஞர் போலீஸ்காரரால் சுடப்பட்டபோது கல்லூரியில் இருந்த ஆஞ்சி தாமஸ் எழுதிய சிறுகதைதான் பிறகு இந்த நாவலாக வளர்ந்தது.

கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எனக்கு நெஞ்சில் தைத்தது வேறு. ஸ்டார் இருப்பது கார்டன் ஹைட்ஸ் என்ற ஏழைக் கறுப்பினப் பகுதி, படிப்பது வெள்ளையர் நிறைந்த, வசதியான தனியார் பள்ளி. பள்ளிக்குள் நுழைந்ததும் அவள் வேறு ஸ்டார் ஆகிவிடுகிறாள், வீட்டுப் பேச்சு ஒன்றுகூட வாயில் வராமல் பார்த்துக்கொள்கிறாள், கோபத்தை முகத்தில் காட்ட மாட்டாள், ஏரியாப் பெண் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று. நான் ஆறாவதில் ஒரு பெரிய பள்ளிக்கு மாறினேன். அப்பா என்னைக் கொண்டுவந்து விடும் டிவிஎஸ் எக்ஸெல்லை ஒரு தெரு முன்னாலேயே நிறுத்தச் சொல்லுவேன், 'ஏன்பா' என்று அவர் கேட்டதே இல்லை. நான் பேசுகிற தமிழைக்கூட மாற்றிக்கொண்டேன். ஸ்டாரின் நாடும் நிறமும் பயமும் வேறு, அவளுக்கு இருக்கிற ஆபத்து எனக்கு இல்லை, இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன். ஆனால் வாசலில் குரலை மாற்றுகிற அந்த ஒரு நொடியை எனக்கு முன்னால் யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது ஒரு மாதிரி மூச்சு விட முடிந்தது.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஹெய்லி என்ற பள்ளித் தோழியை ரொம்ப எளிதாகக் கெட்டவளாக்கிவிட்டார். உப்புக்காற்று சொன்ன ஐலீன் மாதிரி, நல்லவளாக இருந்துகொண்டே தப்பான பக்கம் நிற்கிற ஒருத்தியாக அவள் இருந்திருந்தால் நாவல் இன்னும் உள்ளே போயிருக்கும். அப்பா மாவெரிக்கை மட்டும் எத்தனை பக்கம் வந்தாலும் படிப்பேன்.

அக்கா, 14 வயதில் உங்கள் மகள் நீங்கள் பீரோ மேல் வைத்த புத்தகத்தை எப்படியும் பார்த்திருப்பாள்.

ஏணிப்படி:

நான் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறேன், தட்டு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். எந்தத் தட்டு என்பதை எழுத்தாளர் தீர்மானிப்பது குறைவு. 'தி புக் தீஃப்' 2005இல் ஆஸ்திரேலியாவில் முதலில் பெரியவர்கள் நாவலாகத்தான் வந்தது. அமெரிக்காவில் போட்டவர்கள் அதை இளையோர் நாவலாகப் போட்டார்கள், நம் கடைகளில் இரண்டு தட்டிலும் பார்க்கலாம். மார்க் ஹேடன் எழுதிய 'தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட் டைம்' 2003இல் வந்தபோது பெரியவர்களுக்கு ஒரு பதிப்பு, பிள்ளைகளுக்கு ஒரு பதிப்பு என ஒரே நேரத்தில் இரண்டாக வெளியிட்டார்கள், உள்ளே கதை ஒன்றுதான். அதுவும் நல்ல நாவல். 15 வயது கிறிஸ்டோபர், கணக்கில் புலி, யாராவது தொட்டால் தாங்க முடியாது, பக்கத்து வீட்டு நாய் கொல்லப்பட்டதைத் துப்பறியக் கிளம்புகிறான். அத்தியாய எண்கள் எல்லாம் பகா எண்கள், 2, 3, 5, 7 என்று போகும். ஸ்விண்டனிலிருந்து லண்டனுக்கு அவன் தனியாக ரயில் ஏறுகிற பகுதியை மட்டுமாவது படியுங்கள், ஒரு ரயில் நிலையத்தில் எத்தனை சத்தம், எத்தனை போர்டு இருக்கிறது என்று அதற்கு முன்னால் நான் கவனித்ததே இல்லை.

கரிசல்மண்:

எல்லாம் படித்தேன், எல்லாமே வெளிநாட்டு நாவல்களாக இருப்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். போன மாதம் பூமணியின் 'வெக்கை' மறுபடி படித்தேன். 1982இல் வந்தது. சிதம்பரத்துக்கு 15 வயது. முதல் பக்கத்திலேயே, அண்ணனைக் கொன்ற வடக்கூரானை அவன் வெட்டிவிட்டு ஓடுகிறான். அப்புறம் அவனும் அய்யாவும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிற நாட்கள்தான் மொத்த நாவலும். இதை இளையோர் நாவல் என்று யாரும் சொன்னதில்லை, பூமணி அப்படி நினைத்து எழுதியிருக்கவும் மாட்டார். ஆனால் 15 வயதுப் பையன் ஒருவனின் கண்ணை விட்டு நகராமல் ஒரு நாவல் தமிழில் எழுதப்பட்டிருக்கிறது என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

படம் பார்த்தவர்கள் 2019இல் வந்த 'அசுரன்' ஞாபகத்தில் இது ஒரு அப்பாவின் கதை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாவலில் பையன்தான் எல்லாம். கொலை செய்துவிட்டு வந்தவன், ஆனால் பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது, ஆத்தா ஞாபகம் வருகிறது, எந்தப் பாறை இடுக்கில் தண்ணீர் இருக்கும், எந்தக் காயைத் தின்னலாம் என்று அய்யா சொல்லிக்கொடுக்கிறார். காட்டுக்குள் கல்லைக் கூட்டி அடுப்பு வைத்துச் சமைத்துச் சாப்பிடுகிற இடங்கள் எத்தனை! ஒரு கொலையாளியைப் படிக்கிறோம் என்பதே மறந்து, ஒரு அப்பாவும் மகனும் சேர்ந்து இருக்கிற சந்தோஷத்தைப் படித்துக்கொண்டிருப்போம், திடீரென்று அது ஞாபகம் வரும்போது வயிறு பிசையும். அய்யா அவனைத் திட்டவே மாட்டார். நீ ஏன் செய்தாய் என்று ஒரு சத்தம் கிடையாது. கடைசியில் இரண்டு பேரும் சரணடையக் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள். உப்புக்காற்று, கீகன் கதவுக்கு முன்னால் நிறுத்தியதாகச் சொன்னீர்களே, பூமணியும் அப்படித்தான் நிறுத்துகிறார், கீகனுக்கு ஏறக்குறைய 40 வருஷம் முன்னாலேயே.

என் அக்கா மகன் பதினொன்றாவது படிக்கும்போது கொடுத்தேன். வட்டாரப் பேச்சு முதல் பத்துப் பக்கம் இழுக்கும், அப்புறம் தானாக ஓடும். அவன் முடித்துவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றுதான், 'மாமா, அவனுக்கு எத்தனை வருஷம் குடுத்திருப்பாங்க?' பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் ரொம்ப நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், அவன் அம்மா சாப்பிடக் கூப்பிடும் வரைக்கும்.

உப்புக்காற்று:

கரிசல்மண், முடிவை நான் அப்படி இணைத்துப் பார்க்கவே இல்லை. 'வெக்கை' படித்துப் பல வருஷம் ஆயிற்று, இந்த வாரமே எடுக்கிறேன். நெல்லிக்காய், நீங்கள் எழுதியதற்குப் பதில் சொல்ல மூன்று தடவை தட்டி அழித்தேன். எழுதியதற்கு நன்றி, அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

ஜன்னலோரம்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நெல்லிக்காய், நீங்கள் எழுதியதைப் படித்த அன்று ராத்திரியே பீரோ மேலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். பத்தொன்பது சொன்னதும் சரிதான், அது அங்கே இருப்பது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

நாலாம் நாள் சமையற்கட்டுக்கு வந்தாள். 'அம்மா, ரூடி சாகப் போறானாம். உனக்குத் தெரியுமா?' தெரியும் என்றேன். 'தெரிஞ்சுமா இத எனக்கு வாங்கின?' என்றாள். வாங்கும்போது தெரியாது, படித்த பிறகுதான் தெரியும், அதனால்தான் இத்தனை நாள் தராமல் வைத்திருந்தேன் என்று உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மேடையில் சாய்ந்து நின்றாள். அப்புறம், 'தாத்தாவுக்கு முடியாதுன்னு உங்க எல்லாருக்கும் முன்னாடியே தெரியும்ல. எனக்கு மட்டும்தான் சொல்லல' என்றாள். உண்மைதான். அரையாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது, அவளிடம் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் பெரியவர்கள் பேசி முடிவு செய்திருந்தோம். 'சொல்லியிருந்தா அந்த ஞாயித்துக்கிழமை நான் அவர்கூட இருந்திருப்பேன், ட்யூஷன் போயிருக்க மாட்டேன்' என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு அவளோடு தரையில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அழுதோம். தாத்தாவைப் பற்றி இவ்வளவு நாளில் நாங்கள் பேசியது அன்றைக்குத்தான்.

விடியவிடிய, உங்கள் கூத்து விஷயத்தையும் அவளிடம் சொன்னேன். கர்ணனுக்கு அது முதலிலேயே தெரியுமா என்று கேட்டாள். நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

புத்தகத்தை அவள் இன்னும் முடிக்கவில்லை. ஆற்றில் குதிக்கிற அந்த இடத்திலிருந்து முன்னால் போகாமல் பின்னால் போயிருக்கிறாள். ரூடி உடம்பெல்லாம் கரி பூசிக்கொண்டு, தன்னைக் கறுப்பின ஓட்டப்பந்தய வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸாக நினைத்துக்கொண்டு, ராத்திரி மைதானத்தில் தனியாக ஓடுவானே, அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு ரப்பர் பேண்டு மாட்டியிருக்கிறது. நேற்றும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.